கோழிக் கொட்டிலும் கதண்டுக் கூடும்

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை வழியாகப் பேராவூரணி போகும் சாலை சுமார் 70 கிலோமீட்டர். பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால், காவிரிப் பாசனம் எங்கே தேய்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஒரத்தநாடு வரைக்கும் வயல்தான். மேட்டூர் அணைத் திட்டத்தோடு 1934இல் பயன்பாட்டுக்கு வந்த கல்லணைக் கால்வாய், கிளை கிளையாகப் பிரிந்து கூடவே வருகிறது. பட்டுக்கோட்டையை நெருங்க நெருங்க மண்ணில் மணல் கூடி, நெல் பின்வாங்கி, தென்னை முன்னுக்கு வருகிறது. பேராவூரணி பக்கம் போனால் வானமே தென்னங்கீற்றுக்கு நடுவேதான் தெரிகிறது.

இந்தச் சாலையில் எந்த ஊரில் இறங்கினாலும் இரண்டு விஷயங்கள் உறுதி. ஒன்று, கொல்லையைக் கிளறிக்கொண்டு திரியும் கோழிகள். இன்னொன்று, கதண்டு என்னும் பெரிய குளவியைப் பற்றிய ஒரு கதை. நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் புதரை வெட்டும்போது கலைந்து வந்தது, தேங்காய் பறிக்க ஏறியவரைத் துரத்தியது, பள்ளிக்கூடத்து மரத்தில் கூடு கட்டியது என்று கதைக்குக் கதை இடம்தான் மாறும். மாவட்டச் செய்திப் பக்கங்களில் ‘கதண்டு கடித்து’ என்று தொடங்கும் தலைப்பு ஒவ்வோர் ஆண்டும் வந்துவிடுகிறது.

கோழியும் கதண்டும் ஒரே கொல்லையில் சந்திக்கும்போது என்ன செய்வது? தெருவில் நின்று கேட்டால் இரண்டே விடைகள்தான் கிடைக்கின்றன: கொளுத்து, அல்லது மருந்தடி. இரண்டிலும் குளவி சாகிறது. கோழிக்கும் வீட்டுக்கும் என்ன ஆகிறது என்பதைக் கேட்டுக்கொண்டே போனால், இந்தச் சாலை நிறையவே சொல்லித் தருகிறது.

முதல் நிறுத்தம் ஒரத்தநாடு. சரபோஜி மன்னர் காலத்து முக்தாம்பாள் சத்திரம் இருக்கும் ஊர். 2012 முதல் இங்கே அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது. சுற்றுவட்டாரத்தில் கோழி வளர்ப்பு பெரும்பாலும் பெண்கள் கையில். சிறுவிடை, பெருவிடை என்று நாட்டுரகங்கள். அவற்றோடு நந்தனம், வனராஜா, கிரிராஜா போன்ற, ஆய்வுப் பண்ணைகளிலிருந்து வந்த கொல்லைப்புற ரகங்கள். பகலில் மேய்ச்சல், இரவில் கொட்டில் அல்லது பஞ்சாரம். கொட்டில் என்பது நாலு மூங்கில், மேலே கீற்றோ தகரமோ, சுற்றிலும் பழைய மீன்வலை. குளவிக்கு இதைவிட வசதியான இடம் அமையாது. மழை படாத கூரை, கோழி எச்சத்தை மொய்க்கும் ஈக்கள், தண்ணீர்த் தட்டு, எப்போதாவது வீசப்படும் மீன் கழிவு என்று எல்லாம் ஓரிடத்தில் கிடைக்கின்றன.

அப்படி வரும் குளவிகள் எல்லாம் ஒரே இனமல்ல. ஒரத்தநாட்டுக்குப் பக்கத்துக் கிராமமொன்றில் ஓட்டுவீட்டுத் தாழ்வாரத்தை அண்ணாந்து பார்த்தாலே இது தெரிந்துவிடும். சுவர் மூலையில் மண் கட்டி ஒன்று ஒட்டியிருக்கிறது. அது மண்குளவியின் கூடு. தனியாக வாழும் பூச்சி அது. சிலந்தியைக் கொட்டி மயக்கி, மண் அறைக்குள் அடைத்து, அதன் மேல் முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும். கூட்டைக் காக்கப் படை கிடையாது. கையால் பிடித்து நசுக்கினாலொழிய யாரையும் கொட்டாது. இதற்காக மருந்தடிப்பவர்கள் வீண் வேலை செய்கிறார்கள்.

“அது கெடக்கட்டும் தம்பி, புள்ளைங்க கூட அதுக்குப் பயப்படாது. இந்தப் பக்கம் பாருங்க” என்று வீட்டுக்காரப் பாட்டி காட்டிய இடம், கோழிக் கொட்டிலின் உத்தரம். சின்னக் காம்பில் தொங்கும் சாம்பல் நிறக் கூடு. அடியில் திறந்த அறுகோண அறைகள். மேலே பத்துப் பதினைந்து செம்பழுப்புக் குளவிகள். இவை காகிதக் குளவிகள். மரப்பட்டை நாரைக் கடித்து மென்று, எச்சிலில் குழைத்துக் காகிதம் போன்ற பொருளில் கூடு கட்டுகிறவை. தென்னிந்திய வீடுகளில் பரவலாகக் காணப்படும் ரோபாலிடியா மார்ஜினாட்டா என்ற இனத்தைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து, 2001இல் தனி நூலே வெளியிட்டிருக்கிறார். அந்தக் கூட்டில் ராணி போனால் வேலைக்காரக் குளவிகளில் ஒன்று ராணியாகிவிடும். ஆகவே, ராணியை மட்டும் கொன்றுவிட்டால் கூடு தானாக அழியும் என்ற நம்பிக்கை இங்கே செல்லாது.

காகிதக் குளவி கூட்டைத் தொட்டால்தான் கொட்டும். ஆனால், கோழிக் கொட்டிலில் அந்தத் தொடுதல் தினமும் நடக்கும். முட்டை எடுக்க நீளும் கை, பரணுக்குத் தாவும் சேவல், கதவைத் தட்டித் திறக்கும் அதிர்வு என்று காரணத்துக்குப் பஞ்சமில்லை. கோழிக்கு உடம்பு முழுக்க இறகு கவசமாக இருக்கிறது. குளவி கொட்டுவது கொண்டை, தாடி, கண்ணைச் சுற்றிய தோல், கால் ஆகிய இடங்களில்தான். வளர்ந்த கோழி ஒன்றிரண்டு கொட்டைத் தாங்கிக்கொள்ளும். உடம்பில் தூவி மட்டுமே உள்ள குஞ்சுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

கோழியே குளவியைத் தின்றுவிடாதா என்ற கேள்வியும் வழியெல்லாம் வருகிறது. கீழே விழுந்ததை, தாழப் பறப்பதைக் கொத்தும். பிரான்சில் 2004இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஆசியப் பெருங்குளவி தேனீப் பெட்டிகளைச் சூறையாடத் தொடங்கியபோது, ‘ஜான்சே’ என்ற கறுப்புக் கோழி இனம் பெட்டிகளின் முன்னே வட்டமிடும் குளவிகளைக் கொத்தித் தின்பதைச் சில தேனீ வளர்ப்பாளர்கள் கவனித்தார்கள். அங்கும் கோழி பிடித்தது தனியாக வந்த குளவிகளைத்தான். கூட்டை அழிக்கிற வேலை அதனிடம் நடக்காது.

பாட்டியின் கவலை இந்தச் சின்னக் குளவி அல்ல. வயிற்றில் அகலமான மஞ்சள் பட்டையோடு வரும் பெரிய கருங்குளவிதான். கொட்டில் பக்கம் அது அடிக்கடி வருகிறதாம். “கோழியத் தேடித்தான் வருதுன்னு இவங்க தாத்தா சொல்லுவாக.” அதன் இலக்கு கோழி அல்ல. வெஸ்பா ட்ரோபிகா என்ற இந்தக் கதண்டு, காகிதக் குளவிக் கூடுகளைக் கொள்ளையடிப்பதையே பிழைப்பாகக் கொண்டது. அது வந்ததும் சின்னக் குளவிகள் சண்டைக்கு நிற்காமல் கூட்டை விட்டு விலகிவிடும். கதண்டு அறைகளிலுள்ள புழுக்களை இழுத்துத் தின்னும். உத்தரத்தில் இருக்கும் சின்னக் கூடுதான் பெரியதைக் கொட்டிலுக்கு அழைத்து வருகிறது. அதை அப்புறப்படுத்தினாலே கதண்டு வரத்து குறைந்துவிடும்.

அந்தச் சின்னக் கூட்டை எப்படி எடுப்பது? விடை அடுப்படியிலேயே இருக்கிறது. பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தைத் தண்ணீரில் நன்றாக நுரைக்கும் அளவுக்குக் கலந்து, கைத்தெளிப்பானில் ஊற்றி, இருட்டிய பிறகு கூட்டின் மேல் நனைய நனைய அடிக்க வேண்டும். பூச்சி மூச்சுவிடும் துளைகளுக்குள் சாதாரணத் தண்ணீர் எளிதில் புகாது. சோப்பு கலந்த தண்ணீர் புகுந்து மூச்சை அடைக்கும். கோழியின் தீவனத்திலோ மண்ணிலோ நஞ்சு தங்காது. குளவிகள் விழுந்ததும் நீளமான கொம்பால் கூட்டை இடித்து, பையில் கட்டி அப்புறப்படுத்திவிடலாம். முழுக்கைச் சட்டையும் முகமூடித் துணியும் அவசியம். ஏணி மேல் நின்று இதைச் செய்யக் கூடாது. கொட்டு வாங்குவதைவிட ஏணியிலிருந்து விழுவது பெரிய விபத்து. குளவி கொட்டி ஒவ்வாமை வந்த அனுபவம் உள்ளவர் இந்த வேலைக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது.

பட்டுக்கோட்டைக் கடைவீதியில் உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. “கதண்டுக்கு என்ன இருக்கு?” என்று கேட்டால் விவசாயிகளுக்குள்ளேயே ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். பயிருக்கு வாங்கி மீந்த பாட்டில் எதுவோ அதுதான் பல வீடுகளில் குளவி மருந்து. கோழி வளர்ப்பவர்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது.

ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகளைத் தாங்கும் சக்தி பறவைகளுக்கு மிகக் குறைவு. அந்த நஞ்சை முறிக்கும் நொதி அவற்றின் உடலில் சொற்பமாகவே இருக்கிறது. அந்த வகையைச் சேர்ந்த டைக்ளோர்வாஸ், ஒரு காலத்தில் வீட்டுப் பூச்சிக்கும் பண்ணைக் கொட்டகைக்கும் தாராளமாக அடிக்கப்பட்டது. 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் அதற்குத் தடை. பழைய பாட்டில் பரணில் கிடந்தால் அதைக் குளவிக் கூட்டில் தீர்த்துவிடலாம் என்று நினைப்பது ஆபத்து. கார்போபியூரான் குருணையோ பறவைக்கு இன்னும் கொடியது. அரிசி மணி என்று நினைத்துக் கொத்தும் சின்னப் பறவையைக் கொல்ல ஒரே குருணை போதும்.

பைரெத்ராய்டு வகை மருந்துகள் கோழிக்கு அந்த அளவு கேடில்லை. ஆனால், மீனுக்கும் தேனீக்கும் அவை கடும் நஞ்சு. வீட்டுக்கு வீடு குட்டை, குட்டைக்குக் குட்டை மீன் என்றிருக்கும் இந்தப் பக்கத்தில், கழுவிவிட்ட தெளிப்பான் தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்று சொல்லத் தேவையில்லை. எந்த மருந்தானாலும் கோழியிடம் அது மூன்று வழிகளில் போகிறது. செத்து விழுந்த குளவியையும் புழுவையும் கோழி பொறுக்கித் தின்கிறது. மருந்து சொட்டிய மண்ணில் புழுதிக் குளியல் போடுகிறது. மூடாத தட்டிலிருந்து தண்ணீர் குடிக்கிறது. அங்கிருந்து முட்டைக்குப் போக அதிக நாளாகாது.

கரப்பான் பூச்சி ஸ்பிரேயை அடித்துவிட்டுப் பக்கத்திலேயே தீப்பந்தம் காட்டும் பழக்கமும் சில வீடுகளில் இருக்கிறது. அந்த டப்பாவுக்குள் மருந்தை வெளியே தள்ளும் வாயு எளிதில் தீப்பற்றக்கூடியது. கீற்றுக் கொட்டிலுக்குக் கீழே அதைச் செய்வது கொட்டிலைக் கொளுத்துவதற்குச் சமம்.

பட்டுக்கோட்டையைத் தாண்டினால் தோப்புகள். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யத்துக்கு அருகே கரையேறிய கஜா புயல் இந்த மரங்களைச் சாய்த்துப்போட்ட விதத்தை இன்னும் பேசுகிறார்கள். சாய்ந்த இடத்தில் நட்ட கன்றுகள் இப்போது தலைக்கு மேல். தோப்பின் நடுவே வீடு, வீட்டைச் சுற்றிக் கோழி, தோப்போரம் ஒன்றிரண்டு பனை. அந்தப் பனையின் காய்ந்த மட்டைக்குள்தான் பெரிய கூடுகள் அமைகின்றன.

இது வேறு கதண்டு, வெஸ்பா அஃபினிஸ். வயிற்றின் முதல் இரண்டு கட்டும் ஆரஞ்சு கலந்த மஞ்சள், மீதி கறுப்பு. கூடு திறந்திருக்காது. வெளியே வரி வரியாக உறை போர்த்தி, கவிழ்த்த பானை மாதிரி தொங்கும். உள்ளே அடுக்கடுக்காக அறைகள். போக வர ஒரு வாசல். வளர்ந்த கூட்டில் நூற்றுக்கணக்கில் குளவிகள் இருக்கும். தேனீ ஒருமுறை கொட்டினால் கொடுக்கை விட்டுவிட்டுச் செத்துப்போகும். கதண்டு ஒரே ஆளைத் திரும்பத் திரும்பக் கொட்டும். ஒன்றைக் கூட்டருகே அடித்து நசுக்கினால், அதிலிருந்து வரும் வாடை மற்றவற்றைக் கிளப்பிவிடும்.

மட்டை வெட்டும் அதிர்வு, டிராக்டர் உறுமல், புதரில் விழும் அரிவாள் ஆகியவைதான் பெரும்பாலான தாக்குதல்களின் தொடக்கம். கோழி பறந்து ஏறுவதும் இதில் சேரும். கொட்டிலை ஒட்டிய வேலியிலோ தாழ்ந்த கிளையிலோ இப்படியொரு கூடு இருந்தால், முதல் வேலை கூட்டைத் தொடுவதல்ல. கோழியை இடம் மாற்றுவது.

டெல்டா மாவட்டங்களில் பல ஆண்டுகளாகக் கதண்டுக் கூட்டை அழிப்பது தீயணைப்பு வீரர்களின் வேலையாகவே ஆகிவிட்டது. பேராவூரணி பக்கத்துத் தோப்பு வீடு ஒன்றில் அவர்களோடு நின்ற அனுபவத்தைக் குடும்பத் தலைவி விவரித்தார். “பகல்ல வந்து பாத்துட்டுப் போயிட்டாக. ராத்திரி ஏழரைக்கு மேலதான் வேலையே. ‘கோழிய என்னம்மா பண்ணப் போறீங்க’ன்னு மொதல்ல அதத்தான் கேட்டாக.”

அந்தக் கேள்விதான் சரியான கேள்வி. இருட்டிய பிறகு குளவிகள் பெரும்பாலும் கூட்டுக்குள் இருக்கும். அவற்றுக்குக் கண் சரியாகத் தெரியாது. ஆகவே கூடு அழிக்க ஏற்ற நேரம் இரவு. அதே நேரத்தில்தான் கோழிகளும் கொட்டிலுக்குள் அடைந்திருக்கும். நல்ல வேளையாக, கோழிக்கும் இருட்டில் கண் தெரியாது. பரணில் அடைந்த கோழியைச் சத்தமில்லாமல் இரு கையாலும் தூக்கினால் எதிர்ப்பே இருக்காது. ஒவ்வொன்றாகத் தூக்கி, வீட்டின் மறுபக்கத்து அறையில் பஞ்சாரம் போட்டு மூடிவிடலாம். கூடு கொட்டிலிலேயே இருந்தால் அங்கே போய்த் தூக்கவும் கூடாது. பொழுது சாயும் முன்பே தவிட்டைக் காட்டி வேறிடத்தில் அடைத்துவிட வேண்டும். தீவனத் தொட்டி, தண்ணீர்த் தட்டு, முட்டைக்கூடை எல்லாம் அப்போதே வெளியேற வேண்டும். புகையும் மருந்து வாடையும் வரும் திசைக்கு எதிர்ப்பக்கம் கோழி இருப்பது நல்லது. பறவையின் நுரையீரல் காற்றுப்பைகளோடு சேர்ந்து இயங்குவது. கெட்ட காற்று மனிதரைவிட அதை வேகமாகத் தாக்கும்.

வெளிச்சத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. கலைந்த கதண்டு இரவில் விளக்கை நோக்கிப் பறக்கும். கையில் டார்ச்சோடு நிற்பவர் தன்னையே அடையாளம் காட்டுகிறார். சிவப்பு நிறம் குளவிக் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது என்பதால், டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் சுற்றிக்கொள்வது உதவும். வீட்டு வாசல் விளக்கை அணைத்து, கதவு சன்னல்களைச் சாத்திவிட வேண்டும்.

தீயணைப்பு வீரர்கள் உடல் முழுக்க மூடும் உடையோடு, நீளக் கழியில் தீப்பந்தம் கட்டியோ மருந்து தெளித்தோ வேலையை முடிக்கிறார்கள். தண்ணீர் லாரி பக்கத்திலேயே நிற்கிறது. அந்தத் தைரியத்தில் வீட்டுக்காரர் லுங்கியோடு மண்ணெண்ணெய்ப் பந்தம் தூக்கினால் கதை வேறாகிவிடும். காய்ந்த பனைமட்டை தலையில் விழும், பொறி கீற்றுக்குப் போகும், கலைந்த கூட்டம் பந்தம் பிடித்தவர் மேல் இறங்கும். கூடு தேனீயுடையதாக இருந்தால் பந்தமே தேவையில்லை. கிளையில் ஒற்றை அடையாகத் தொங்குவது மலைத்தேனீ; மரப்பொந்தில் அடுக்கடுக்காக இருப்பது அடுக்குத் தேனீ. தேன் எடுப்பவர்களையோ தேனீ வளர்ப்பவர்களையோ கேட்டால் போதும்.

கூடு போன மறுநாள் காலைதான் கோழிக்கு ஆபத்து அதிகம். இரவு வெளியே தங்கிய குளவிகள் பழைய இடத்தையே சுற்றிவரும். ஒன்றிரண்டு நாள் கோழிகளைத் திறந்துவிடாமல் இருப்பது நல்லது. செத்த குளவிகளையும் அடைத் துண்டுகளையும் கூட்டி அள்ளிப் புதைக்க வேண்டும். மருந்து அடித்திருந்தால் மேல்மண்ணையும் சேர்த்துச் சுரண்ட வேண்டும். புழு நிறைந்த அடையைப் பார்த்துவிட்டு, ‘கோழிக்கு நல்ல தீனி’ என்று வீசுபவர்கள் உண்டு. மருந்து பட்ட அடையென்றால் அது விஷம்.

கொட்டு வாங்கிய கோழி தலை வீங்கி, ஓரமாக ஒடுங்கி நிற்கும். அதைத் தனியே நிழலில் வைத்து, வீங்கிய இடத்தில் குளிர்ந்த நீர் ஒற்றி, குடிக்கத் தண்ணீர் கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் மருத்துவரிடம் போக வேண்டும். மனிதரின் மாத்திரையை உடைத்துப் போடுவது கூடாது.

மனிதருக்கு நேர்ந்தால் நேரம்தான் முக்கியம். பேராவூரணியிலிருந்து பாக் நீரிணையின் கரை வெகு தூரமில்லை. அக்கரை இலங்கையிலும் இதே வெஸ்பா அஃபினிஸ்தான், சிங்களத்தில் ‘தெபரா’. அது கூட்டமாகக் கொட்டியவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்ததையும் இதயம் பாதிக்கப்பட்டதையும் அந்நாட்டு மருத்துவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவு செய்திருக்கிறார்கள். பாம்புக்கடிக்கு இருப்பதுபோல் இதற்கு மாற்று மருந்து கிடையாது. ஒரே ஒருமுறை கொட்டினாலும்கூட ஒவ்வாமை உள்ளவருக்கு மூச்சு முட்டலாம், மயக்கம் வரலாம். அப்போது உயிர் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. நிறையக் கொட்டு வாங்கியவர் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் மருத்துவமனையில் கண்காணிப்பில் இருக்க வேண்டும். சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது என்று பொருள். சுண்ணாம்பு தடவி, வெங்காயம் தேய்த்து, மந்திரிக்கக் காத்திருக்கும் நேரத்தில் அந்த ஊசியின் வாய்ப்பு நழுவிவிடும்.

கதண்டு ஒழிய வேண்டிய பூச்சியா என்றால், தோப்புக்காரர்களே தயங்குகிறார்கள். குளவிகள் பயிரின் புழுக்களையும் ஈக்களையும் தின்கின்றன. ஆள் நடமாட்டமில்லாத பனை உச்சியில் இருக்கும் கூட்டால் யாருக்கும் தொந்தரவில்லை. கொட்டிலுக்கும் களத்துக்கும் குழந்தைகள் நடக்கும் வழிக்கும் பக்கத்தில் இருப்பது மட்டும்தான் போக வேண்டும். அதுவும் சின்னதாக இருக்கும்போதே.

அதற்குச் செலவில்லாத வழி, வாரம் ஒருமுறை கொட்டிலின் கூரையை அண்ணாந்து பார்ப்பது. காம்பும் நாலைந்து அறையுமாகத் தொடங்கும் கூட்டை ஒரு கொம்பால் தட்டிவிட்டால் வேலை முடிந்தது. மூங்கில் ஓட்டைகளை மண் பூசி அடைக்கலாம். மீன் கழிவைக் குழியில் மூடலாம். எச்சத்தை அன்றன்றைக்கு அள்ளினால் ஈ குறையும், ஈயைத் தேடி வரும் குளவியும் குறையும். வேலியை வெட்டும் முன் நின்று பார்த்துவிட்டு வெட்டலாம்.

கோழி வளர்ப்பவர்கள் கொட்டில் கதவில் மூன்று எண்களை எழுதி வையுங்கள். பெரிய கூடு தென்பட்டால் தீயணைப்பு நிலையம் 101. ஆளைக் கொட்டினால் ஆம்புலன்ஸ் 108. கோழிக்கோ மாட்டுக்கோ நேர்ந்தால் கால்நடை ஆம்புலன்ஸ் 1962.